பிரவுன் தாளில் பதினேழு

என்னிடம் பதினேழு குக்ரிகள் இருக்கின்றன.
ஒன்றுகூட வெட்டாது.

முசஃபாவில், ஒர்க்‌ஷாப்புகளுக்குப் பின்னால் எங்கள் கேம்ப்.
மெஸ்ஸில் வெங்காயம் நறுக்கும் கத்தியையே
மேசைக்காலோடு சங்கிலியில் கட்டியிருக்கிறார்கள்.
இரும்பு வேண்டாம், கோடு போதும் என்றேன்
லீவில் போகும் நேபாளிகளிடம்.
தகடு சுற்றிவரும் பிரவுன் தாளை
முழ நீளத்துக்குக் கிழித்துக் கொடுப்பேன், கூடவே ஒரு பென்சில்.
உறையிலிருந்து எடு, தாளில் படுக்க வை,
சுற்றி வரை. முதுகுத் தடிப்பை ஓரத்தில் எழுது.
மறக்காமல் யாருடையது என்றும்.

ஏசி டக்ட் வெட்டுகிறவன் நான்.
எந்த வளைவையும் மனசுக்குள் விரித்து
தட்டையாக்கிப் பார்க்கிற வியாதி.
எங்கள் பக்கத்து வீச்சரிவாள் நுனியில் வளையும்.
இது இடுப்பில் வளைகிறது.

வெள்ளிக்கிழமை, துணி காயப்போட்ட பிறகு,
இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்து
டியூப்லைட்டில் பிடிப்பேன்.
போஜ்பூர்க் கத்திக்குத் தொப்பை.
சிருபாத்தே ஒல்லி; சிரு என்பது ஒரு புல்லாம்,
பாத்தே என்றால் இலை.
முதுகையொட்டி மூன்று ஓடை ஓடுவதைக் காட்ட
பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்திருக்கிறான் டேகேந்திர புன்,
காசின்மேல் தாள் வைத்துத் தேய்ப்பதுபோல.
பிடிக்கருகே அந்தச் சின்னப் பள்ளம் எதற்கு?
ரத்தம் வடிய என்றான் ஒருவன்.
பசுவின் குளம்பு என்றான் ஒருவன்.
சும்மா, அப்படித்தான் இருக்கும் என்றான் சமையல்காரன்.
மூன்றையும் எழுதிக்கொண்டேன்.
பழுத்த இரும்பின் வாயோரம் மட்டும்
கெட்டிலில் தண்ணீர் வார்ப்பார்களாம்,
டீ ஆற்றுகிறவன் நிதானத்தோடு.
வாய் கெட்டி, முதுகு மெத்து.

ஒருமுறை சோதனைக்கு வந்த கேம்ப் பாஸ்
மெத்தைக்கடியில் இருந்த சுருளைப் பிரித்தார்.
ஷூ ஹாதா?
இலை என்றேன்.
முழுப் பொய் இல்லை.

பதினொன்றாம் தாள் ஹஸ்தபீர் ராயுடையது.
சாரம் கட்டுகிறவன். கடன், பிறகு தங்கையின் கல்யாணம், பிறகு கடன்:
எட்டு வருஷமாய் லீவே எடுக்காதவன்.
என் கத்தி எனக்குத் தெரியாதா என்று
கட்டிலில் உட்கார்ந்து, கையெடுக்காமல்
ஒரே கோட்டில் வரைந்து கொடுத்தான்.

போன மாதம் டேகேந்திரன் திரும்பியபோது
அவன் பெட்டியில் பதினேழாவது தாள் வந்தது.
ஹஸ்தபீர் வீட்டில் மன்மாயா வரைந்தது.
தாளில் மஞ்சள் கறை, ஒரு மூலையில் கோழிக்கால் தடம்.

வெளிச்சத்தில் பிடித்தேன்.
பிடி பொருந்தியது. பள்ளம் பொருந்தியது.
முதுகு மயிரிழை பிசகவில்லை.
வயிறு மட்டும் சேரவில்லை.
அவள் கோடு உள்ளே போகிறது.

தப்பா வரைஞ்சிருக்கா, என்று சிரித்தான்.

வெர்னியர் வைத்தேன். ஆறரை மில்லி.
என் தொழிலில் இது பெரிய பிழை.
ஆனால் பிழையென்றால் கோடு எங்காவது தடுமாறும்;
இது வழவழவென்று, தொப்பையில் அதிகமாய்,
நுனிக்குப் போகப்போகக் குறைந்து...
கல்லில் தீட்டித் தீட்டித் தேய்ந்த இரும்பு
இப்படித்தான் பின்வாங்கும்.

அங்க விறகு யார் வெட்டுறா? என்று கேட்டேன்.

பதில் சொல்லவில்லை.
இரண்டு கோடுகளுக்கும் நடுவே
சுண்டுவிரலை வைத்துப் பார்த்தான்.
கொள்ளவில்லை.
நகத்தை வைத்தான்.
பிடியில் கடைசி வளையம் ஆடுதாம், என்றான், அரக்கு வைக்கணும்.
அரக்கைப் பற்றியே கொஞ்ச நேரம் பேசினான்.

பிறகு என் நோட்டைக் கேட்டான்.
எண் பதினேழு, உடையவர் என்ற கட்டத்தில்
அவனே எழுதினான்.
தேவநாகரி எனக்கு வராது.
ஆனால் பதினொன்றில் அவன் எழுதியிருந்தது
இந்த நீளம் இல்லை.