ஜூன் மாத ஆய்வு

ரயில் பாதைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே
ரோஸ்டாக்கில் எங்கள் சங்கத்துக்கு
அறுபத்து மூன்று துண்டுத் தோட்டங்கள்.
கையில் படிவம், இடுப்பில் டேப்,
காதில் செருகிய பென்சில்.
பதினெட்டு வருஷமாய் இந்த வேலைக்கு
வேறு யாரும் கை தூக்கியதில்லை.

படிவத்தில் இரண்டே கட்டம்:
பயிர். களை.

நாற்பத்தொன்றின் படலைத் திறந்ததும்
டேப்பை எங்கே ஊன்றுவதென்று தெரியவில்லை.
காஞ்சொறி, இடுப்பளவு.
சக்கரவர்த்திக் கீரை, ஒன்றேகால் முழம்.
பெயருக்காகச் சலுகை காட்ட விதியில் இடமில்லை.
பாப்பி, எண்ணவில்லை.
சிங்கப்பல்லின் வெள்ளைத் தலைகள்
மூச்சுப் பட்டால் கலையும் என்பதால்
மூச்சைப் பிடித்துக்கொண்டே குனிந்தேன்.

புகார் கொடுத்த லூடெக்கெ
வேலிக்கு அந்தப் பக்கம்
செடிக்குத் தண்ணீர் விடுவதுபோல நின்றார்.
குழாயில் தண்ணீர் வரவில்லை.

ஊட்டா பிரெஸ்டின் முன்பு டிராம் ஓட்டியவள்.
மணி அடித்தாற்போல்தான் பேசுவாள்.
"என்ன எழுதுகிறாய்?"
"களை."
"எது?"
"எல்லாம்."

உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தாள்.
டப்பாவுக்குள் ஒரு காலி பாக்கெட்.
அச்சிட்ட புல்வெளி, அச்சிட்ட தேனீ,
காட்டுப்பூக் கலவை, இருபது சதுர மீட்டருக்கு.
கூடவே ரசீது: நான்கு யூரோ தொண்ணூறு.
"காசு கொடுத்திருக்கிறேன்" என்றாள்.

சரி, வாங்கியது எது, தானாய் வந்தது எது,
பிரித்துக் காட்டு என்றேன்.
அங்கேதான் இருவரும் மாட்டிக்கொண்டோம்.
நீலப் பூ பாக்கெட்டில் இருந்தது. அதுவே
வேலிக்கு வெளியே தண்டவாளச் சரளையிலும் இருந்தது,
ரசீது இல்லாமல்.
பாப்பி பாதி அவளுடையது, பாதி காற்றுடையது.
ஊதா இதழில் மை கீறிய அந்த ஒல்லிப் பூ
ஒரு காலத்தில் கோதுமைக்குள் புகுந்து
மாவைக் கெடுத்ததற்காக
வேரோடு பிடுங்கி எரிக்கப்பட்டது.
இன்றைக்குப் பாக்கெட்டில்
அதன் படம்தான் பெரியது.

ஒவ்வொன்றாய்த் தொட்டுக்கொண்டே போனாள்,
நிறுத்தங்களை அறிவிப்பதுபோல் பெயர் சொல்லி.
பெயர் தெரியாததற்கு,
ஆள் இறங்காத நிறுத்தத்தைக் கடப்பதுபோல,
தலையை மட்டும் அசைத்தாள்.
அந்த வெயிலில் அவள் முகத்துக்கு வந்திருந்த களையை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எழுதவில்லை.

ஆனால் கீர்ஷை நான் விடமாட்டேன்.
அவளும் விடவில்லை.
அது மட்டும் களைதான் என்று
முதல்முறையாக ஒத்துப்போய்
ஆளுக்கொரு பக்கம் மண்டியிட்டோம்.
வெள்ளை வேர், நூல்போல,
கேட்டதும் வருவதுபோல் வந்து
பாதியில் பொட்டென்று அறுந்தது.
மீதி உள்ளே நிம்மதியாய் இருந்தது.
இலைகளை மண் உதறி மடியில் போட்டுக்கொண்டாள்.
ராத்திரி சூப்புக்காம்.

படிவத்தில் என் கையெழுத்து இப்படி நிற்கிறது:
எண் நாற்பத்தொன்று. உயரம் அதிகம்.
மறு ஆய்வு செப்டம்பரில்.
செப்டம்பருக்குள் எல்லாமே விதை உதிர்த்திருக்கும்
என்பது எனக்குத் தெரியும்.
தலைவருக்குத் தெரியாது.

என் தோட்டம் எண் ஏழு.
புல் மூன்று சென்டிமீட்டர்,
ஓரங்கள் கயிறு பிடித்து வெட்டியவை.
காலணியைக் கழற்றக் குனிந்தபோதுதான் பார்த்தேன்,
முழங்கால் வரை ஒட்டுப்புல்லின் விதைகள்.
ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத கொக்கி.
முப்பத்து நான்கு தோட்டம் கடந்து,
ஆய்வாளரின் காலைப் பிடித்து வந்திருக்கின்றன.

பழைய செய்தித்தாளை விரித்து
ஒவ்வொன்றாய்க் கிள்ளி எடுத்தேன்.
பதினொன்று.
பத்தை மடித்துக் குப்பையில் போட்டேன்.
பதினொன்றாவது விரலிடுக்கில் நழுவி
எங்கோ விழுந்தது.

தேடினேன் என்று
எழுதிக்கொள்ளலாம்.