பிரேம் நம்பர்

வருஷத்துக்கு நானூற்றுப் பத்து ரூபாய்.
சைக்கிளே மூவாயிரத்து இருநூறுதான்.
நெல்லித்தோப்புக் கிளையில் ஜெயசீலி மேடம்
படிவத்தை என் பக்கம் தள்ளியபோது
மனசுக்குள் கணக்குப் போட்டேன்:
எட்டு வருஷம் களவு போகாவிட்டால்
எனக்குத்தான் நஷ்டம்.
அப்படியானால் திருடன் வரவேண்டுமா
என்று கேட்க வெட்கம்.

முத்தியால்பேட்டையில் எங்கள் மாடிப்படிக்கடியில்
போன மாதம் இரண்டு போயின.
ஒன்றுக்குப் பூட்டை மட்டும்
விட்டுப் போயிருந்தார்கள்,
அழகாகச் சுருட்டி.

படிவத்தில் ஐந்தாவது கட்டம், பிரேம் நம்பர்.
நைட் ஷிப்ட் முடிந்து வந்து
வண்டியைத் தலைகீழாக நிறுத்தி
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன்.
பெடலுக்கு நடுவே
எண் இருக்கவேண்டிய இடத்தில்
அரத்தால் ராவிய வழவழப்பு.
கட்டைவிரல் வழுக்கிக்கொண்டே போனது.

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் விற்றவன்
பெல்லை இரண்டு முறை அடித்துக் காட்டினான்.
பில் கேட்கவில்லை நான்.
மலிவு.

படிவத்தை நாலாக மடித்து
சீட்டுக்கடியில் செருகினேன்.
கிறீச்சொலி நின்றது.

இப்போதெல்லாம் அஜந்தா சிக்னலில்
யாராவது என் ஹேண்டில்பாரை
ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தால்
பச்சை விழுமுன்பே
இறங்கித் தள்ளத் தொடங்குகிறேன்.