மூன்று விரல் தண்ணீர்

ஆரல்வாய்மொழியில் காற்றுக்குப் பஞ்சம் என்றால்
முப்பந்தல் தாண்டி வரும் லாரிக்காரன்கூடச் சிரிப்பான்.
ஆனி பிறந்தால் கொடியில் துணி நிற்காது,
தட்டிலிருந்து அப்பளம் பறக்கும்.
எனக்குச் சம்பளமே அந்தக் காற்றில்தான்.
காற்றாலையின் வயிற்றுக்குள் இருநூற்றைம்பது அடி
ஏணியில் ஏறி, கிரீஸ் வைத்து,
போல்ட் முறுக்கி இறங்குகிறவன்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து பகலில் படுத்தால்
மொட்டைமாடிக் குழாய் ஊளையிடும்.
நாலங்குல வாய், வானம் பார்த்துத் திறந்தது.
காலி பாட்டிலில் உதடு வைத்து ஊதினால் வருமே
அதே சத்தம்,
அடித்தொண்டையில், நிறுத்தாமல்.
எதற்கு இந்தக் குழாய்?
ஒரு சொட்டுத் தண்ணீர் இதில் ஏறவில்லை, இறங்கவில்லை.
நாற்பது ரூபாய்க்கு மூடி வாங்கி
பசை தடவி அறைந்தேன்.
அன்றைக்குத் தூங்கினேன், பிணம்போல.

ஆடி முடிவதற்குள் வீடு பேச ஆரம்பித்தது.
மாடியில் ஃப்ளஷ் இழுத்தால்
கீழே குளியலறைச் சல்லடைக்குள்
களக்
களக்
கடைசி மடக்கு மோரை யாரோ உறிஞ்சுவதுபோல்.
பிறகு நாற்றம்.
பினாயில் ஊற்றினோம். ஊதுபத்தி வைத்தோம்.
தோவாளையில் கால் கிலோ பிச்சி வாங்கிவந்து
ரெக்சி ஜன்னலில் கட்டினாள்;
பிச்சியும் சேர்ந்து நாறியது.
பக்கத்துவீட்டுப் பூதலிங்கத்தின் தொட்டிதான் என்று
காம்பவுண்டுச் சுவரில் ஏறி நின்று கத்தினேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
தொட்டி மூடியைத் திறந்து காட்டினார்.
லாரி வந்து உறிஞ்சிப்போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை.
என் தொட்டியையும் உறிஞ்சக் கொடுத்தேன், மூவாயிரம்.
மறுநாள் காலை,
களக்.

தனிஸ்லாஸ் வந்து எதையும் கழற்றவில்லை.
சல்லடையைத் தூக்கி டார்ச் அடித்தான்.
"வளைவுல தண்ணி இல்ல, பாத்தேரா?
மூணு விரல் நிக்கணும் வே. அதாக்கும் கதவு."
ஒரு வாளி ஊற்றினான். நின்றது,
நாற்றமும் நின்றது.
மேலே போய் இழுக்கச் சொன்னான்.
எங்கள் கண்ணெதிரே அந்தத் தண்ணீர் நடுங்கி,
நடுவில் குழிந்து,
களக் என்று போயே போயிற்று.

மாடியிலிருந்து இறங்கி வந்த ரெக்சியிடம்
அடுக்களை எண்ணெய் டின்னைக் காட்டினான்.
"ரெண்டு ஓட்டை போட்டிருக்கியே, எதுக்கு?"
"ஒண்ணு எண்ணெய்க்கு, ஒண்ணு காத்துக்கு.
இல்லேன்னா விக்கி விக்கில்லா விழும்" என்றாள்.
சொல்லி முடிக்குமுன்னே என்னைப் பார்த்தாள்.
நான் மாடியைப் பார்த்தேன்.

தண்ணீர் தனியாக விழுவதில்லை.
குழாய் நிறைய இறங்கும்போது
தனக்குப் பின்னால் காற்றையும் இழுத்துக்கொண்டு விழுகிறது.
மேலே வாய் திறந்திருந்தால் வானத்திடம் வாங்கிக்கொள்ளும்,
கெட்ட காற்றையும் அங்கேயே விட்டுவிடும்.
அடைத்தால் என்ன செய்யும்?
அருகில் எது இளக்காரமோ அதில் வாய் வைக்கும்.
என் வீட்டில் இளக்காரமானது
அந்த மூன்று விரல் தண்ணீர்.
மலை இடுக்கில் வருகிற அத்தனை காற்றையும்
கரண்டாக்கி விற்கிற ஊரில்
ஒரு குழாய்க்கு மூச்சில்லாமல் செய்தவன் நான்.

ஆக்சா பிளேடால் மூடியை அறுத்தேன்.
கடைசி நரம்பு விடுபட்டதும்
உள்ளங்கையில் ஒரு சூடு தட்டிப் போயிற்று.
பக்கவாட்டில் துளையுள்ள குல்லா ஒன்றை மாட்டினோம்.
இப்போது ஊளையில்லை, ஒரு முனகல் உண்டு.
பழகிவிட்டது,
அல்லது பழகிவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறேன்.

பூதலிங்கம் இன்னும் பேசவில்லை.
அவர் மாடியிலும் ஒரு குழாய்.
அதன் தலையில் நாலைந்து துளை போட்ட மண்சட்டி
கவிழ்ந்து கிடக்கிறது, பாசி பிடித்து.
இத்தனை வருஷமும் நான் அதைக்
கண்ணேறுக்கு வைத்தது என்றே நினைத்திருந்தேன்.