ஆறாம் மேசை

சலைனா ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையோர உணவகத்தில்
நான் தட்டுக் கழுவுகிறவன்.
ஆட்களை எனக்குத் தெரியாது.
அவர்கள் மிச்சம் வைப்பதைத் தெரியும்.
ரொட்டியின் ஓரத்தை மட்டும் ஒதுக்குகிறவர்,
ஜாம் கிண்ணத்தில் சூயிங்கத்தை ஒட்டிவைக்கிறவர்.
ஒருமுறை தட்டின் அடியில்
சர்க்கரைப்பாகில் ஊறிய ஒரு டாலர்.
அலசிக் காயவைத்து
மார்லிஸிடம் கொடுத்தேன்.
அது அவள் சம்பளம்.

மணிக்கு இரண்டு டாலர் பதின்மூன்று சென்ட்
முதலாளி தருவது.
மீதியை மேசைகள் தரும்.
குறைந்தால் முதலாளியே நிரப்பவேண்டும் என்று
எழுதியிருக்கிறது.
எழுதித்தான் இருக்கிறது.
வரி பிடித்தது போக
பதினைந்து நாளைக்கு ஒரு பூஜ்யம் வரும்,
உறையில் போட்டு, பெயரெழுதி.
அதன் முதுகில்
முட்டை, சோப்பு, மகனுக்குக் காலுறை என்று
பட்டியல் எழுதிக்கொள்வாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
உப்புக் குப்பியை எடுத்துவந்து வைத்தவளை
வாசல்வரைகூட யாரும் நினைப்பதில்லை.

சனிக்கிழமை ஆறாம் மேசைக்காரர்
உட்கார்ந்ததும் ஐந்து ஒற்றை டாலர்களை
வரிசையாகப் பரப்புவார்.
காபி தாமதமா, ஒன்றை எடுத்துப் பைக்குள் வைப்பார்.
மஞ்சள் கரு உடைந்ததா (உடைத்தது சமையல்கார வெண்டல்),
இன்னொன்று.
மார்லிஸ் சிரித்துக்கொண்டே நிற்பாள்,
சிரிப்பு குறைந்தால் மூன்றாவதும் போகும்.

மார்ச் மாதம் முதலாளி லிண்ட்குவிஸ்ட்
எல்லோரையும் கூப்பிட்டார்.
எல்லோருக்கும் மணிக்குப் பதினாறு, இனாம் கிடையாது,
மூன்று மாதம் பார்ப்போம், கை தூக்குங்கள்.
அடுக்களை மொத்தமும் தூக்கியது.
என் கையில் சோப்பு நுரை.
மார்லிஸ் தூக்கவில்லை.

எனக்குக் கோபம்.
பின்வாசலில் அவளிடம் கேட்டேன்.
பென்சிலால் அட்டைப்பெட்டியில் எழுதிக் காட்டினாள்:
செவ்வாய் முப்பத்தொன்று.
வெள்ளி நூற்றுத் தொண்ணூறு.
"வெள்ளிக்கிழமைதான் என் வாடகை, ஓஸ்வால்டோ.
மற்ற நாளெல்லாம் எனக்கு நாளே இல்லை."
நான் பெட்டியை மடித்துக் குப்பையில் போட்டேன்.
வேறென்ன செய்வது.

ஏழுக்கு ஐந்து. கதவில் பலகை மாட்டினார்கள்.

ஆறாம் மேசைக்காரர் பலகையைப் படிக்கவில்லை.
ஐந்து தாள்களையும் பரப்பினார்.
காபி தாமதம் என்றார்.
பரிமாறும் ஜன்னல் வழியே பார்த்தேன்.
"ஆமாம், தாமதம்தான்" என்றாள் மார்லிஸ்,
முகத்தில் ஒன்றுமில்லாமல்,
ஏதோ மழை பெய்கிறது என்று சொல்வதுபோல,
ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.
அவர் ஒரு தாளை எடுத்தார்.
எடுத்ததை யாரும் பார்க்கவில்லை என்று
திரும்பவும் வைத்தார்.
பிறகு வெகுநேரம்
தாள்களின் மூலைகளை நீவிக்கொண்டே இருந்தார்.

அவர் தட்டு என்னிடம் வந்தபோது
கழுவ ஒன்றுமில்லை,
ரொட்டியால் துடைத்துத் தின்றிருந்தார்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில்
மார்லிஸ் விசில் அடிக்கிறாள், சுருதி சேராமல்.
வெள்ளிக்கிழமை கூட்டம் வாசல்வரை நிற்கும்.
அன்றைக்கு மட்டும்
அழுக்குத் தட்டுகளைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்
என் தொட்டியில்.
நான் தண்ணீரைத் திறந்துவிடுவேன்.