மூன்றாம் கியரில் இருப்பவர்

வெள்ளம் வடிந்த ஒன்பதாம் நாள்
கோதண்டம் வண்டிக்கு அடியிலிருந்து
ஒரு பிளாஸ்டிக் டம்ளரை நீட்டினார்.
கியர் பெட்டிக்குள்ளிருந்து வடித்தது.
நல்ல இளஞ்சிவப்பு, மேலே நுரை.
ரோஸ்மில்க் என்றேன்.
"குடிச்சிடாதீங்க மேடம்" என்றார்
சிரிக்காமல்.

வேறு ஆட்டோமேட்டிக் பெட்டி
ஒரு லட்சத்து எண்பது.
வண்டியையே விற்றால் ஒன்று இருபது,
அதுவும் சீட்டில் ஏறிய
வேளச்சேரி ஏரியின் நாற்றம் போனால்.
"கை கியரா மாத்திடலாம், ஓடும்.
உங்க இடது காலுக்குத்தான் வேலை வரும்."

என் இடது கால்!
பதினோரு வருடம் அந்த வண்டியில்
அது விருந்தாளி.
சிக்னலில் செருப்பை உதறிவிட்டு
ஏசிக் காற்றுக்கு விரல்களை விரித்து
பக்கத்துப் பைக்காரர் வேர்ப்பதை
வேடிக்கை பார்த்த கால்.

புதுப்பேட்டையில்
கதவு மட்டும் விற்கிற கடைக்கும்
கண்ணாடி மட்டும் விற்கிற கடைக்கும் நடுவில்
சங்கிலியில் தொங்கியது எங்கள் பெட்டி.
"ஓசூர் வண்டிம்மா, சிங்கிள் ஓனர்.
முன்னாடி மட்டும்தான் அடி" என்றார் இம்தியாஸ் பாய்.
முன்னாடி மட்டும் என்றால்
முன்னாடி உட்கார்ந்திருந்தவர்?
நான் கேட்கவில்லை.
இரண்டாயிரம் குறைக்கச் சொன்னேன்.
ஐந்நூறு குறைத்தார்.

பெட்டி, ஃப்ளைவீல், கிளட்ச் தட்டு,
மூன்று மிதிகள் தொங்கும் இரும்புச் சட்டம்
எல்லாம் குட்டியானையில் போயின.
கியர் கைப்பிடியை மட்டும்
கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.
மேலே ஒன்று முதல் ஐந்து வரை
எண்கள் இருந்திருக்க வேண்டும்.
யாரோ உள்ளங்கையால் அழித்திருக்கிறார்.

பதினான்கு நாள் வேலை.
என் அகலமான பிரேக் மிதியைக் கழற்றி
ஒல்லியாக ஒன்றைப் பொருத்தினார்கள்.
கிளட்சுக்குத் துளை போட
ட்ரில்லை எடுத்தவர் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.
அங்கே ஏற்கெனவே ஒரு துளை.
கம்பெனியே வெட்டி
ரப்பரால் மூடி வைத்தது,
என் சும்மா காலுக்கு நேர் எதிரே
இத்தனை வருடமாக.

கடைசியில் மூளை.
தான் 'பி'யில் நிற்பதாக நம்பினால்தான்
கிளம்பும் வண்டி இது.
வயரிங் பார்க்க வந்த சகாயராணி
இரண்டு வயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றினாள்.
"இனி எப்பவும் நின்னுக்கிட்டே இருக்கறதா
நெனச்சுக்கும்க்கா. ஓடுறது
நமக்குத் தெரிஞ்சா போதும்."
மதுரவாயல் பைபாஸில் எண்பதில் போகும்போதும்
டேஷ்போர்டில் பச்சையாக எரிகிறது 'பி'.

கோடம்பாக்கம் பாலத்து ஏற்றத்தில்தான்
பிடிபட்டேன்.
முன்பெல்லாம் பிரேக்கை விட்டால்
தானே நகரும், நல்ல பிள்ளை.
இன்று பின்னால் உருண்டது.
பின்னால் மாநகரப் பேருந்து.
கால் நடுங்கியது, என்ஜின் இருமி அணைந்தது,
மறுபடி சாவி, மறுபடி இருமல்.
"எல் போர்டு மாட்டும்மா!"
பேருந்தின் உயரத்திலிருந்து ஒரு குரல்.
லைசன்ஸ் எடுத்துப் பதினாறு வருடம் என்று
யாரிடம் சொல்ல.
நான்காம் முறை
பாதிக் கிளட்சில் வண்டி ஒரு கணம்
ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை,
என் கெண்டைக்காலில் மட்டும் தொங்கியது
ஒரு டன் இரும்பு.
பிறகு ஏறியது.

ஒரு குறை உண்டு.
இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் ஓர் உரசல்.
"பல்லு தேஞ்சிருக்கு. பழைய ஓனரு
அவசரக்காரர்" என்றார் கோதண்டம்,
கையைத் துணியில் துடைத்தபடி.
"நடுவுல ஒரு மூச்சு விட்டுட்டுப் போடுங்க."

விடுகிறேன்.
நைட் டியூட்டி முடிந்து
கிண்டி தாண்டும் காலி ரோட்டில்
இரண்டிலிருந்து எடுத்து,
எதிலும் இல்லாத அந்த இடத்தில்
கைப்பிடியைச் சும்மா பிடித்திருக்கிறேன்.
எங்கே சார் அவ்வளவு அவசரம்
என்று ஒருநாள் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.
பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹார்ன் அடித்தது.
மூன்றாவது
உரசாமல் விழுந்தது.