மேலே காலியானால்

நாற்பத்தொரு கல்லூரி வரிசையிட்டாள் கவிதர்ஷினி.
முதலாவது கிண்டி. வராதென்று தெரியும்.
"எழுதுறதுக்குக் காசாண்ணே?"
போடியில் என் கம்ப்யூட்டர் கடையில்
அப்படித்தான் எல்லாரும் தொடங்குவார்கள்.

பதினேழாவது விழுந்தது. சிவில்.

இனி உறுதி செய்ய வேண்டும், ஐந்து மணிக்குள்:
ஏற்கிறேன்.
ஏற்கிறேன், மேலே காலியானால் மாறுவேன்.
வேண்டாம், மேலே மட்டும்.
அதற்குக் கீழே அவள் படிக்கவில்லை.
இரண்டாவதைத் தொட்டாள்.

ஓடிபி அம்மா போனுக்குப் போனது.
அம்மா மலைக்கு அந்தப் பக்கம்,
பூப்பாறை ஏலக்காட்டில்,
டவர் எட்டாத சரிவில்.

மறுபடி அனுப்பினேன். மறுபடியும்.
நாலு நாற்பது.
ஜீப் கிளம்பியிருக்கும்.
பத்துப் பேர் இடத்தில் பதினெட்டுப் பேர்;
ஒருத்தி இறங்கினால்தான்
கம்பியைப் பிடித்து நிற்பவளுக்கு
பாதித் தொடை வைக்க இடம்.

போடிமெட்டு செக்போஸ்ட் தாண்டியதும்
மூன்று ஓடிபியும் ஒன்றாக வந்திறங்கின.
"எதுடி கடைசி?"
"அடியில இருக்கிறதும்மா."
ஹாரன் சத்தத்தில்
ஏழா, எட்டா?

நாலு ஐம்பத்தெட்டு. உறுதியானது.

"சீட்டு கெடச்சிருச்சா?"
"கெடச்சிருச்சு. மேல யாராச்சும் எந்திரிச்சா
மாறிக்கலாம்."

கொஞ்ச நேரம் ஜீப் இரைச்சல் மட்டும்.
"எந்திரிப்பாகளா?"

பிரிண்டுக்கு நான் காசு வாங்கவில்லை
என்று சொல்ல ஆசை.
வாங்கினேன். பத்து ரூபாய்.