எட்டில் ஆறு

ஆண்டிபாளையத்தில் நாங்கள் குடியிருப்பது
எட்டுக் கதவு லைன்வீடு.
முதல் கதவுக்குள் மோட்டார்.
கடைசிக் கதவு கக்கூஸ்.
நடுவில் ஆறு குடி, ஆறு மீட்டர்,
ஒரே ஒரு குழாய்.

பாடத்தில் இப்படிப் போட்டிருந்தது:
எட்டு முகவரி உள்ள சின்ன வலையில்
முதலாவது, வலையின் பெயருக்கு.
கடைசியானது, எல்லோரையும் ஒருசேரக் கூப்பிட.
அந்த இரண்டிலும் யாரும் குடியேற முடியாது.
எட்டில் ஆறு.
இதற்காகவா மூன்று வாரம்
ஒன்றும் சைபருமாக எழுதி எழுதி அழித்தேன்?
எழுந்துபோய் வாசலில் நின்று
கதவுகளை ஒருமுறை எண்ணிவிட்டு வந்தேன்.

பகலில் எனக்கு டையிங் லேப்.
பையர் அனுப்பிய துணித்துண்டுக்குச்
சாயம் நிறுத்து, காய்ச்சி, பிழிந்து, உலர்த்தி,
விளக்குப் பெட்டிக்குள் இரண்டையும் ஒட்ட வைத்து
"செவப்பு ஒரு புள்ளி தூக்கலுங்க சார்" என்று சொல்கிற வேலை.
ஏழு வருசம்.
அதனால் கேபிள் நுனியின் எட்டுக் கம்பி
எனக்கு ஒரு பொருட்டே இல்லை.
வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம்,
வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரௌன், பிரௌன்.
ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்
இன்ஜினியரிங் முடித்த பையன்கள்
செல்போனில் படம் பார்த்துப் பார்த்துச் சொருகுவார்கள்.
நான் மூன்றாவது கேபிளைக் கிரிம்ப் அடித்துக்கொண்டிருப்பேன்.

கட்டணம் இருபத்தேழாயிரம்.
ஏலச்சீட்டை மூன்றாம் மாசமே தள்ளி எடுத்தேன்.
தள்ளியதில் போனது ஆறாயிரம்.
முதல் தடவை ஊத்திக்கொண்டது.
பல்லடம் வரைக்கும் பஸ்ஸில்
டிக்கெட்டை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டு வந்தேன்.
வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை.
புரோட்டா வாங்கி வைத்திருந்தார்.
அது கேட்பதைவிட மோசம்.

இரண்டாம் தடவை, காந்திபுரம், மூன்றாம் மாடி.
வளையலைக் கழற்று. வாட்சைக் கழற்று.
கொண்டை ஊசியைக் காட்டு.
கையை விரிக்கச் சொன்ன பெண்
என் நகக்கண்ணைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.
"என்னக்கா இது, எழுதி அழிச்சதா?"
சாயம் என்றேன். டர்க்காய்ஸ். சோப்புக்குப் போகாது.
அவள் உள்ளே போய் ஒருவரைக் கூட்டிவந்தாள்.
அவர் என் கையைப் பார்க்கவில்லை.
"திருப்பூருங்களா?"
"ஆமாங்."
"உள்ள போங்க."

ஒரு கேள்வி:
தன் வலையில் இல்லாத முகவரி வந்தால்
கம்ப்யூட்டர் என்ன செய்யும்?
தேடாது. பதறாது.
கேட்வேயிடம் தாட்டிவிடும்.
அக்கட்டால நடப்பது அதன் வெசனம்.
சரியான விடையைத் தொட்டுவிட்டும்
அடுத்ததற்குப் போகாமல் அங்கேயே இருந்தேன்.
பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த மாசம்
கொடுவாயிலிருந்து என்னையும்
அப்படித்தான் தாட்டிவிட்டார்கள்.
மணி ஓடிக்கொண்டிருந்தது.
அமுக்கினேன். அடுத்தது.

பிரிண்டர் ஒற்றைத் தாளைத் துப்பியது.
அதே பெண்தான் சீல் குத்தினாள்.
"பாஸ்க்கா" என்றாள், அவளே எழுதியதுபோல.

அவிநாசி ரோட்டில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது.
சுவிட்சுகள் அடுக்கிய குளிர் அறை, ராத்திரி ஷிப்ட்,
பதினாலாயிரம்.
லேபில் எனக்குப் பதினெட்டும் தீபாவளி போனசும்.
அந்த லெட்டரைக் கேஸ் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.
இன்னும் யாரிடமும் காட்டவில்லை.
சர்ட்டிபிகேட்டை மட்டும் காட்டினேன்.
வீட்டுக்காரர் என் பெயரை விரலால் தொட்டு,
பரிமளம் வேலுச்சாமி,
என்று மெதுவாகப் படித்தார்.
அவர் பெயர் அதில் எங்கேயும் இல்லை.
"உங்கப்பன் பேரு ஜோராத்தான் இருக்குது" என்றார்.

விடியக்காலம் மூன்றரைக்குத் தண்ணீர் வந்தது.
குழாய்க்கு அடுத்த கதவு எங்களுடையது.
எழுப்புவது எப்போதும் நான்.
ஐந்து கதவையும் வரிசையாகத் தட்டினேன்.
நான்கிலிருந்து பதில் வந்தது.
ஐந்தாவது ஒடிசாக்காரர்கள், நைட்டுக்குப் போயிருப்பார்கள்.
கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை தட்டிப் பார்த்தேன்.
பிறகு அவர்கள் குடத்தையும் எடுத்துவந்து
வரிசையில் வைத்தேன்.